அண்ணாச்சிக்குத் தமிழ் வராது

எங்கள் பள்ளியில் அப்போது இரண்டு அண்ணாச்சிகள் இருந்தார்கள். ஒருவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். இன்னொருவர் கம்ப்யூட்டருக்குள் இருந்தார். இரண்டாமவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முதலாமவர் நடுவில் அநியாயமாக மாட்டிக்கொண்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் பார்வையற்ற பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது. நான் அங்கே கம்ப்யூட்டர் டீச்சர். எனக்கும் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. இதைச் சொன்னதும் சிலர் குரலைத் தாழ்த்தி, “ஐயோ பாவம்” என்று இழுப்பார்கள். அவர்கள் இழுத்து முடிக்கும்வரை நிற்க எனக்குப் பொறுமை இருந்ததே இல்லை. “பாவம் கிடக்கட்டும், வழியை விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். வாய்த்துடுக்கு என்று எனக்குப் பேர். நான் மறுத்ததில்லை.

திரையில் இருப்பதை எங்களுக்கு வாசித்துச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. எங்கள் அறையில் இருந்தது யாரோ புண்ணியவான் எந்தக் காலத்திலோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. அதில் பேசுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்த ஆண்குரல். இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவார். பிள்ளைகள் அவருக்கு அண்ணாச்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். “டீச்சர், அண்ணாச்சி பேசமாட்டேங்காரு” என்றால் ஸ்பீக்கர் வயர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். “அண்ணாச்சி திக்குதாரு” என்றால் கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது, கொஞ்சம் அணைத்துவைக்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் குறை ஒன்றுதான். அவருக்குத் தமிழ் வராது.

இந்தச் சமயத்தில்தான் இணையத்தில் ஒரு விளையாட்டு எங்கள் கைக்கு வந்தது. படகுப் போட்டி. இரண்டு பேர் ஆடலாம், ஆளுக்கு ஒரு ஊரில் இருந்துகொண்டே ஆடலாம். தமிழில் ஒரு கேள்வி வரும், கீழே மூன்று விடை. சரியானதைத் தட்டினால் உங்கள் படகு முன்னால் போகும். உங்கள் துடுப்புச் சத்தம் இடது காதில், எதிராளியின் துடுப்புச் சத்தம் வலது காதில். யார் முந்துகிறார்கள் என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்றே செய்தது என்று முதல் பக்கத்தில் இங்கிலீஷில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி அதை வாசித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கேள்விப் பக்கம் வந்ததும் அண்ணாச்சி, “எம், கே, செமிகோலன், கே, எச்” என்றார்.

முன்பெல்லாம் டைப்பிங் சென்டரிலும் அச்சகத்திலும் ஒரு பழைய தமிழ் எழுத்துரு வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். கண் தெரிந்தவர்களுக்குச் சட்டை தெரியும், அழகாகத் தமிழில் வாசித்துவிடுவார்கள். அண்ணாச்சிக்கோ சட்டை தெரியாது. உள்ளே இருக்கும் ஆளைத்தான் தெரியும். விளையாட்டைச் செய்தவர்கள் எல்லாக் கேள்விகளையும் அந்த எழுத்துருவில் அடித்துவைத்திருந்தார்கள். எங்களுக்கென்றே செய்த விளையாட்டில் எங்களால் ஒரு கேள்வியைக்கூட வாசிக்க முடியவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. விட்டுத் தள்ளுங்கட்டி, வேற ஏதாவது பார்ப்போம் என்று ஹெட்போனைத் தூக்கி வீசாத குறையாக எழுந்தேன்.

“டீச்சர், எனக்கு இதுதான் வேணும்” என்றாள் ஒருத்தி.

எட்டாம் வகுப்புப் பிள்ளை. கல்லிடைக்குறிச்சிக்காரி. வீட்டில் அம்மாவும், ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கச்சியும். தங்கச்சிக்குக் கண் நன்றாகத் தெரியும். இந்த விளையாட்டை அம்மாவின் போனில் முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தச் சின்னவள்தான்.

“எனக்கு என் தங்கச்சியை ஜெயிக்கணும் டீச்சர்.”

“லீவுக்குப் போனா நீதான் எப்பவும் ஜெயிக்கேன்னு சொன்னியே?”

“அது அவ ஜெயிக்க விடுதா. போன்ல எது ஆடினாலும் அவதான திரையைப் பார்த்துப் படிச்சுச் சொல்லணும். கடைசில, யக்கா நீதான் ஜெயிச்சேங்கா. நான் ஜெயிச்சேனா, அவ பாவம் பார்த்து விட்டாளான்னு எனக்கு ஒருக்கா கூடத் தெரிஞ்சதில்ல.”

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். என் சின்ன வயதில் தெருவில் நாற்காலி சுற்றும் ஆட்டம் ஆடுவோம். பாட்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். கடைசிவரை நான்தான் மிஞ்சுவேன். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் என் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தாள். ஆட்டத்துக்கு முன்னால் பழகிப் பார்க்கச் சில கேள்விகள் வரும், அவை எல்லோருக்கும் ஒன்றேதான். தங்கச்சி அங்கிருந்து தமிழில் வாசித்தாள். இவள் இங்கே அம்புக்குறியைத் தட்டித் தட்டி அண்ணாச்சியை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவைத்தாள். ஒரு காதில் தங்கச்சி, இன்னொரு காதில் அண்ணாச்சி.

“டீச்சர், எம் கே செமிகோலன் கே எச்-னா அம்மா” என்றாள் திடீரென்று. “எம்-னா அ. கே-னா ம. செமிகோலன்தான் புள்ளி. எச்-னா கால்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் பாதி எழுத்துக்குமேல் பிடித்துவிட்டாள். ஒரே ஓர் இடத்தில் குழம்பினாள். தோசை என்ற சொல் வந்தபோது, “கேப் என், ஜே, எச், ஐ, ஆர்” என்றார் அண்ணாச்சி. ஜே என்றால் த என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இந்தக் கேப் என், அதாவது பெரிய எழுத்து என், எதற்கு? எங்கள் பிரெயிலில் வாயால் சொல்லும் வரிசையில்தான் எழுத்து வரும். முதலில் த, அதற்குப் பிறகு ஓ. நானும் பிரெயிலில் படித்தவள்தான், எனக்கும் புரியவில்லை. கண் தெரிந்த தமிழ் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

“அது கொம்புல்லா. கொம்பு எப்பவும் எழுத்துக்கு முன்னாடிதான் வரும்” என்றார் அவர், சோற்றுக்கு உப்பு போடுவார்கள் என்பதைப் போல.

“முன்னாடியா?” என்றேன்.

“ஆமா. உங்களுக்குத் தெரியாதா?”

“இத்தனை வருஷமா ஏன் டீச்சர் யாரும் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

கல்லிடைக்குறிச்சிக்காரிக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. “வாயே தொறக்கல, அதுக்குள்ள கொம்பை நீட்டிக்கிட்டு நிக்காங்க பாருங்க டீச்சர். இந்தக் கண்ணு தெரிஞ்சவங்க எல்லாரும் இப்படித்தானா?” தமிழ் டீச்சரும் சிரித்துவிட்டார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். தாய்மொழியை எப்படி எழுதுகிறார்கள் என்பதை இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த அண்ணாச்சியிடம் பாடம் கேட்டவள் இந்தத் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு விடுதி முழுக்க அம்மை போட்டதுபோல் இந்தப் பாஷை பரவிவிட்டது. வா என்பதற்கு டீ எச். போ என்பதற்கு என் ஜீ எச். “என் ஜீ எச்சுட்டி” என்று ஒருத்தி இன்னொருத்தியை விரட்டுவாள். விடுதி வார்டன் அம்மா அது ஏதோ புது ஆஸ்பத்திரியின் பேர் என்று நினைத்து, யாருக்கு என்ன உடம்புக்கு என்று விசாரித்திருக்கிறார். ஒருநாள் காலை ஜெபத்தை நடத்திய பத்தாம் வகுப்புப் பிள்ளை, முடிக்கும்போது வாய் தவறி, “கேப் எம், என், கே, டி, செமிகோலன்” என்றுவிட்டாள். ஆமென் என்று அர்த்தம். எல்லாப் பிள்ளைகளும் பக்தியாகத் திருப்பிச் சொன்னார்கள். ஆண்டவர் இந்த எழுத்துருவையும் அறிவார் என்று நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

ஆனால் ஆட்டம் மட்டும் நடக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மணியடிப்பதற்குள் விடை தட்ட வேண்டும். அண்ணாச்சி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடிக்கும் முன்பே மணி அடித்துவிடும். தங்கச்சி ஒரே பார்வையில் வாசித்துவிட்டு விடையைத் தட்டுவாள், படகு போகும். ஒரு ஞாயிறு ஆடும்போது இவள் திடீரென்று விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“டீச்சர், வலது காதைக் கேளுங்க. துடுப்புச் சத்தமே வரல. எனக்காக நிறுத்தி வச்சிருக்கா.”

கேட்டேன். உண்மைதான். வலது பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. விளையாட்டைச் செய்தவர்களின் எண்ணைத் தேடிப் பிடித்து அடித்தேன். எடுத்தவர், “ஃபான்ட் நல்லா அழகா இருக்கே மேடம்” என்றார். “அழகை நீங்களே வச்சுக்கோங்க, எனக்கு எழுத்தைக் குடுங்க” என்றேன். வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். இப்படியே விடாமல் அடித்து அடித்து, கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். நிரல் எழுதுகிறவளாம். அவளிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, அண்ணாச்சியை ஒரு முழுக் கேள்வியை வாசிக்கவிட்டேன். எம், கே, செமிகோலன் என்று அவர் பாட்டுக்குப் போனார். “இப்படியா கேட்குது உங்களுக்கு?” என்றாள். “இப்படியேதான் கேட்டுக்கிட்டு இருக்கு” என்றேன். “சத்தியமா எங்களுக்குத் தெரியாது. நாங்க யாரும் கண்ணை மூடிக்கிட்டு ஆடிப் பார்க்கல” என்றாள். நேர்மையான பெண். சொன்னபடியே எல்லாக் கேள்விகளையும் இன்றைய ஒழுங்கான தமிழ் எழுத்துக்கு மாற்றி, விளையாட்டையே புதிதாக்கிவிட்டதாகக் கொஞ்சநாளில் செய்தி அனுப்பினாள்.

ஓடிப்போய்த் திறந்தோம். அண்ணாச்சி தொண்டையைச் செருமாத குறையாகத் தொடங்கினார். “கொஸ்டின் மார்க். கொஸ்டின் மார்க். கொஸ்டின் மார்க். கொஸ்டின் மார்க்.”

ஒழுங்கான தமிழ் எழுத்து வந்தால் அது என்னவென்றே அவருக்குத் தெரியாது, எல்லாமே கேள்விக்குறிதான். தமிழ் டீச்சரை மறுபடி இழுத்துவந்து திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். அவர் வாசித்தார்: “உங்கள் உலாவி மிகவும் பழையது. புதுப்பித்துவிட்டு மீண்டும் வாருங்கள்.”

பழசாகிப்போன மனிதரிடம் நீ பழசாகிவிட்டாய் என்று அவருக்குத் தெரியாத பாஷையில் எழுதி நீட்டியிருக்கிறார்கள். இப்போது விளையாட்டின் பக்கம் தவறே இல்லை, தவறு எங்கள் அறையில். முன்பு எம் கே செமிகோலனாவது இருந்தது, அதுவும் போயிற்று. கல்லிடைக்குறிச்சிக்காரி ஸ்பேஸ்பாரைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அண்ணாச்சி ஒரு கேள்விக்குறி போட்டார்.

எல்லா மென்பொருளையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று தாளாளர் ஐயாவிடம் நான் முன்பே கேட்டிருந்தேன். “ஓடிக்கிட்டிருக்கதை எதுக்கும்மா தொடணும்” என்பார். நல்ல மனுஷன், ஆனால் ஒன்று முழுதாகப் படுத்துவிட்டால்தான் அவர் கண்ணுக்கு அது கெட்டுப்போனதாகத் தெரியும். நான் போனால் சண்டையாகிவிடும் என்று எனக்குத் தெரியாமல் பிள்ளைகளே போய்விட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவரை வராந்தாவில் மறித்திருக்கிறார்கள். பேசியவள் கல்லிடைக்குறிச்சிக்காரி.

“ஐயா, எங்க அண்ணாச்சிக்கு வயசாயிட்டு. முன்ன மாதிரி இல்ல. எதுக்கெடுத்தாலும் கேள்விதான். வாயில ஒரு வார்த்தை தமிழ் ஒழுங்கா வரமாட்டேங்கு. அவரை மாத்திட்டு வேற ஆளைப் போடுங்கய்யா.”

வாசல் அண்ணாச்சியின் வேலையே கேள்வி கேட்பதுதான். யாரு, எங்க போறிய, யாரைப் பார்க்கணும். தாளாளர் ஐயா யோசித்திருக்கிறார். பிள்ளைகள் சொல்வதும் சரிதான் என்று பட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை வாட்ச்மேனைக் கூப்பிட்டு, உங்களுக்கும் வயசாயிட்டு, ஓய்வெடுத்துக்கிடுங்களேன் என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்.

வாட்ச்மேன் நேரே என் அறைக்கு வந்தார்.

“டீச்சர், இந்தப் பிள்ளையளுக்கு நான் என்ன குறை வச்சேன்? எனக்குத் தமிழ் வராதுன்னு சொன்னாவளாமே. நான் திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்தவன், எனக்கு வேற என்ன பாஷை தெரியும்?”

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பதா, அவர் காலைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை அவர் காதில் மாட்டி, “இவருதான் அந்த அண்ணாச்சி” என்றேன். கொஸ்டின் மார்க், கொஸ்டின் மார்க். கொஞ்சம் கேட்டார். “யாருவே இவன், என்னைவிட மோசமா இருக்கான்?” என்றார்.

அவரையும் ஹெட்போனையும் கூட்டிக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். தாளாளர் ஐயாவும் கேட்டார். அப்புறம் சத்தம்போட்டுச் சிரித்தார், எனக்குத் தெரிந்து அந்த அறையில் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாட்ச்மேனின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, நீங்க உங்க ஸ்டூலுக்குப் போங்க. அந்த ஆளை இந்த வாரமே அனுப்பிருவோம்” என்றார். வெட்கத்தில் கேட்டதைவிட அதிகமாகவே செய்தார். வண்ணார்பேட்டைக் கடையிலிருந்து ஆள் வந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்து, புது மென்பொருள் போட்டு, தமிழ் பேசும் ஒரு பெண்குரலையும் ஏற்றிவிட்டுப் போனார். பிள்ளைகள் அன்றைக்கே அந்தக் குரலுக்கு மதினி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒருத்திக்கும் மனசு இல்லை. முடிந்ததும் கம்ப்யூட்டர் அறையில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர்களை வலதும் இடதுமாகத் தள்ளிவைத்தோம். போனில் தங்கச்சி.

“ஏட்டி, நிறுத்தாம ஓட்டு. நின்னேன்னா எனக்குக் கேக்கும், பார்த்துக்கோ” என்றாள் அக்கா.

“சரிக்கா, சரிக்கா.”

மதினி வாசிக்கத் தொடங்கினாள். குரலின் வேகத்தை எங்கள் பிள்ளைகள் எவ்வளவு ஏற்றிவைத்துக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கண் தெரிந்தவர்களுக்கு அது வெறும் கீச்சுச் சத்தம். எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். கேள்வி, மூன்று விடை, தட்டு. இடது பக்கம் துடுப்பு. கேள்வி, தட்டு, துடுப்பு. வலது பக்கம் முதலில் பைய வந்த சத்தம், அக்கா முந்துகிறாள் என்று தெரிந்ததும் வேகம் பிடித்தது. சின்னவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை, வெறிபிடித்ததுபோல் ஓட்டினாள். பிள்ளைகள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நான் டீச்சர் என்பதை மறந்து ஸ்டூல் மேல் ஏறிவிட்டேன். இரண்டு படகும் சமமாக வந்து நிற்க, கடைசிக் கேள்வி விழுந்தது: அப்பளம் எந்தப் பருப்பில் செய்யப்படுகிறது?

அவர்கள் அம்மா வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்கிறவர். இரண்டு பிள்ளைகளும் உளுந்து மாவில் உருண்டு வளர்ந்தவர்கள். இனி யார் முதலில் கேள்வியைப் பிடிக்கிறார்கள் என்பது மட்டும்தான். மதினி ‘எந்த’ என்று வாயெடுப்பதற்குள் இவள் அடுத்து வந்த விடைகளுக்குத் தாவி, கேட்டு, தட்டிவிட்டாள். இடது பக்கம் ஒரு துடுப்பு, அப்புறம் ஜெயித்தவருக்கான மேளச்சத்தம்.

அறையில் எழுந்த கூச்சலுக்கு வாட்ச்மேன் அண்ணாச்சி வாசலைவிட்டு ஓடிவந்தார். என்ன, யாருக்கு என்ன, எங்கன என்று வழக்கம்போல் கேள்வியாகக் கேட்டார். பதிலுக்கு அவரையும் பிடித்துச் சுற்றினார்கள்.

போனுக்குள் தங்கச்சி கத்திக்கொண்டிருந்தாள். “நீ ஏமாத்திட்ட. யாரோ பக்கத்துல இருந்து உனக்குச் சொல்லுதாவ.”

“யாரும் சொல்லல. நானே கேட்டு நானே அடிச்சேன்.”

“பொய். நான் எவ்வளவு வேகமா அடிச்சேன் தெரியுமா? என்னைவிட நீ எப்படி முன்னாடி வருவ?” என்று சொல்லிவிட்டுச் சின்னவள் அழத் தொடங்கினாள். பொய்யழுகை இல்லை. விக்கி விக்கி, தோற்றுப்போன அழுகை. எங்கள் அறை சட்டென்று அடங்கிவிட்டது. போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. அம்மா பேசினார். நல்ல கோபத்தில் இருந்தார்.

“ஏட்டி, அறிவிருக்கா உனக்கு? சின்னப்பிள்ளையை இப்படி ஏங்கி அழ வச்சிருக்க. நீ பெரியவல்லா? ஒரு ஆட்டம் அவளுக்கு விட்டுக் கொடுத்தா நீ என்ன கொறஞ்சா போயிருவ?”

அவள் போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், அவள் முழங்கை என் முழங்கையில் இடித்தது. அப்புறம், “முடியாதும்மா” என்றாள். குரல் முழுக்கச் சிரிப்பு. “வேணும்னா அவளைக் கொஞ்சம் நல்லா ஆடச் சொல்லு.”